மணி வெளியே ஒலிக்கட்டும்: ஏ.டி.எச்.டி உள்ள பெரியவர்களும் நேரமும் பொறுப்பும்



இம்முறை நாம் படிக்க எடுத்துக்கொள்ளும் விடயம் நம்மவர் வீடுகளில் நெடுங்காலமாக இருந்து வருவது. ஆனால் அதற்குரிய பெயரால் நாம் அதனை அழைத்ததில்லை. "கெட்டிக்காரன், ஆனால் பொறுப்பில்லை", "தொடங்குவான், முடிக்கமாட்டான்", "எங்கே போனாலும் பிந்தித்தான் வருவாள்" என்று நாம் சொல்லும் வார்த்தைகளுக்குள் அது மறைந்து நிற்கிறது. எல்லாப் பிந்தலும் நோயன்று. எல்லாச் சோம்பலுக்கும் வைத்தியரிடம் போக வேண்டியதுமில்லை. ஆயினும் விருப்பமும் திறமையும் இருந்தும், சிறு வயது தொட்டே நேரத்தையும் வேலையையும் ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவர முடியாமல் தவிப்போர் நம்மிடையே உள்ளனர். ஏ.டி.எச்.டி என்ற ஆங்கில எழுத்துச் சுருக்கத்தால் அறியப்படும் கவனக் குறைபாட்டு மிகை இயக்க நிலை இவர்களுள் ஒரு பகுதியினருக்குக் காரணமாக இருக்கலாம்.

அகதிகளாக இந்நாட்டுக்கு வந்த நமக்கு இது சில்லறை விடயமன்று. 2017 மே மாதத்தில், படகில் வந்து பாதுகாப்பு விண்ணப்பம் இன்னமும் கொடுக்காதிருந்த ஏறத்தாழ 7,500 பேருக்கு அரசாங்கம் அவ்வாண்டு ஒக்ரோபர் 1 ஆம் திகதியைக் கடைசித் திகதியாக விதித்தது. அதற்குப் பின்னர் விண்ணப்பிக்க முடியாது என்றும் அறிவித்தது. பல பக்க ஆங்கிலப் படிவமும் ஒரு கடைசித் திகதியும் எவருக்கும் சுமைதான். நேரத்தை உணர்வதிலேயே இடர்ப்படும் ஒருவருக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்ப்போம். பிந்திய வரி விபரம், தவறிய விசாப் புதுப்பிப்பு, திறக்கப்படாத கடிதங்கள் ஆகியவற்றின் பெறுமதி நம்மைப் போன்றவர்களுக்குப் பணத்தோடு நின்றுவிடுவதில்லை.

இந்நிலை யாது?

லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்திய நிபுணர், அறிவு குறையாதிருந்தும் தம்மைக் கட்டுப்படுத்த இயலாத பிள்ளைகளைப் பற்றி 1902 இல் விரிவுரைகள் நிகழ்த்தினார். அமெரிக்க உளநல வைத்தியர் சங்கத்தின் கைநூல் 1980 இல் கவனக் குறைபாடு என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டது. 1987 இல் இப்போதைய பெயர் வந்தது. பிள்ளைகள் வளர வளர இது தானாக மறைந்துவிடும் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2013 இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்புத்தான் பெரியவர்களுக்குரிய அளவுகோலைத் தெளிவாக வகுத்தது. பிள்ளைகளுக்கு 6 அறிகுறிகள் வேண்டுமென்றால் 17 வயதும் அதற்கு மேற்பட்டோருக்கும் 5 போதும். ஆனால் சில அறிகுறிகளேனும் 12 வயதுக்கு முன்னரே இருந்திருக்க வேண்டும். வீடு, வேலைத்தலம் என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலும் அவை காணப்பட வேண்டும்.

உலக ஏ.டி.எச்.டி கூட்டமைப்பு 2021 இல் வெளியிட்ட கூட்டறிக்கையின்படி பிள்ளைகளில் 5.9 வீதத்தினருக்கும் பெரியவர்களில் 2.5 வீதத்தினருக்கும் இந்நிலை உண்டு. பரம்பரையின் பங்கும் பெரிது. ஆகவே பிள்ளைக்குக் கண்டறியப்படும்போது தாய் தகப்பனில் ஒருவர் "நானும் இப்படித்தானே இருந்தேன்" என்று நினைப்பதில் வியப்பில்லை. டிலொயிட் நிறுவனம் 2019 இல் செய்த மதிப்பீடு, அவுஸ்திரேலியாவில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்நிலை உள்ளது என்றும், அதனால் ஆண்டொன்றுக்கு 20 பில்லியன் டொலருக்கு மேல் இழப்பு என்றும் கூறியது. பண இழப்பில் மிகப் பெரும் பங்கு வைத்தியச் செலவன்று, வேலைத்திறன் இழப்பே என்பது கணக்காளர்களாகிய நம் கண்ணில் படுகிறது.

நாற்பது வயதில் இதைக் கண்டறிவது வெட்கத்துக்குரியதன்று. "சூப்பர் டீலக்ஸ்", "விக்ரம்", "மாமன்னன்" படங்களில் நாம் பார்த்த நடிகர் பகத் பாசில், தமக்கு 41 வயதில் ஏ.டி.எச்.டி கண்டறியப்பட்டது என்று 2024 இல் கேரளத்தில் ஒரு பொது நிகழ்விலே சொன்னார். மெல்பேண் நகைச்சுவைக் கலைஞர் எம் ருசியானோ 2022 ஓகஸ்டில் கன்பராவின் தேசிய பத்திரிகையாளர் மன்றத்தில் தம் நிலையைப் பற்றி உரையாற்றினார். அடுத்த ஆண்டே செனற் சபைக் குழுவொன்று இவ்விடயத்தை விசாரித்து, 2023 நவம்பரில் 15 பரிந்துரைகளுடன் அறிக்கை வெளியிட்டது.

மனதில் மணிக்கூடு இல்லாத நிலை

ஏ.டி.எச்.டி உள்ளவரிடம் அறிவு குறைவதில்லை. என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததை உரிய வேளையில் செய்ய வைக்கும் மூளையின் நிர்வாகப் பகுதியே தடுமாறுகிறது. கணக்கியல் முறையில் சொன்னால், பற்றுச்சீட்டு இருக்கிறது, தொகையும் சரி, ஆனால் உரிய திகதியில் பேரேட்டில் பதியப்படவில்லை.

இத்தடுமாற்றம் மூன்று வகையில் வெளிப்படும். முதலாவது, கையில் எடுத்ததை மனதில் வைத்திருக்கும் ஆற்றல் குறைவு. தொலைபேசியை எடுக்க அறைக்குள் போனவர் வேறு ஒன்றைக் கண்டு அதைச் செய்யத் தொடங்குவார். இரண்டாவது, நேரத்தின் நீளம் தெரியாமை. அவருக்கு "இப்போது", "இப்போதல்ல" என்று இரண்டே காலங்கள் உண்டு. அடுத்த மாதம் கொடுக்க வேண்டிய அறிக்கை "இப்போதல்ல" என்ற இருட்டுக்குள் கிடந்து, முதல்நாள் இரவு திடீரென "இப்போது" ஆகிவிடும். மூன்றாவது, கவனத்தைத் திருப்ப முடியாமை. கவனமே இல்லை என்பதல்ல. பிடித்த வேலையில் சாப்பாட்டையும் மறந்து ஐந்து மணித்தியாலம் மூழ்கியிருப்பார். பிடிக்காததில் ஐந்து நிமிடம் இருப்பது மலையேறுவது போல் தோன்றும். "விருப்பமானதை மட்டும் செய்யத் தெரிகிறதே" என்ற ஏச்சு இதனாலேயே பிறக்கிறது.

ஆகவே "கவனமாய் இரு", "கொஞ்சம் முயற்சி செய்" என்ற புத்திமதிகளால் பயனில்லை. கண்பார்வை குறைந்தவரை உற்றுப் பார்க்கச் சொல்வதை ஒத்தது அது. கண்ணாடி வேண்டும். அந்தக் கண்ணாடி என்ன என்பதுதான் இப்பாடத்தின் சாரம்: நேரத்தை மனதுக்குள் வைத்திருக்க முயலாமல், வெளியே கண்ணுக்கும் காதுக்கும் எட்டும்படி வைப்பது.

ஊரில் தெரியாதது இங்கே தெரிவது ஏன்?

ஊரிலே நேரம் வெளியேதான் இருந்தது. நேரம் தவறாமைக்குப் பெயர் பெற்ற நல்லூரில் மணி ஒலித்தால் அயலுக்கே பொழுது தெரியும். விடிய அம்மா எழுப்புவார். பாடசாலை முடிய ரியூசன், ரியூசன் முடிய வீடு. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு விளக்கைச் சுற்றி நாலு பேர் இருந்து படித்தோம். ஒருவர் எழும்பிப் போனால் மற்றவர்கள் கேட்பார்கள். ஊரடங்கு வந்தபின் அலைய இடமில்லை. நம் மனதில் மணிக்கூடு இல்லாவிட்டாலும் ஊரே மணிக்கூடாக நின்றது.

இங்கே வந்ததும் அந்தச் சாரம் கழன்றுவிட்டது. கடவுச்சொற்களையும் கட்டணங்களையும் பிள்ளைகளின் பாடசாலைப் படிவங்களையும் கடன் தவணைகளையும் ஒவ்வொருவரும் தனியே நினைவில் வைத்திருக்க வேண்டும். சாரத்தால் தாங்கப்பட்டிருந்த சுவர் சாரம் கழன்றதும் ஆடுகிறது. புதிதாக வந்த நோயென்று நாம் நினைப்பது முன்பே இருந்ததாக இருக்கலாம். பெண்களிடம் இது இன்னும் ஆழமாக மறைந்திருக்கும். துள்ளித் திரியாமல் வகுப்பில் அமைதியாகப் பகற்கனவு கண்ட பிள்ளையை எந்த ஆசிரியரும் கவனிக்கவில்லை.

அதே வேளை ஓர் எச்சரிக்கையும் வேண்டும். போரும் இடப்பெயர்வும் கண்டவர்களின் மனம் சிதறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. நித்திரையின்மை, அதிர்ச்சியின் பின்விளைவு, மனச்சோர்வு, தைரொயிட் கோளாறு ஆகிய எல்லாமே கவனத்தைக் கெடுக்கும். இரண்டும் ஒருவரிடம் சேர்ந்தும் இருக்கலாம். எது எது என்று பிரிப்பது வைத்தியரின் வேலை. போரின் காயங்களுக்கு நியூ சவுத் வேல்ஸில் ஸ்டார்ட்ஸ் என்ற நிறுவனமும், விக்ரோரியாவில் பவுண்டேஷன் ஹவுஸ் என்ற நிறுவனமும் 1980களின் பிற்பகுதி தொட்டு உதவி வருகின்றன.

கண்டறிவதற்குரிய வழி

முதற்படி குடும்ப வைத்தியர். உலக சுகாதார ஸ்தாபனத்தின் 18 வினாக்கள் கொண்ட படிவமொன்றை அவர் தரக்கூடும். அதன் முதல் 6 வினாக்கள் வடிகட்டுவதற்கானவை மட்டுமே, முடிவைச் சொல்வன அல்ல. அவர் தரும் கடிதத்துடன் பொதுவாக உளநல வைத்திய நிபுணரிடம் போக வேண்டியிருக்கும். காத்திருக்கும் காலமும் கட்டணமும் இடத்துக்கிடம் மாறுபடும். மெடிகெயர் ஒரு பகுதியை மட்டுமே திருப்பித் தரும். எனவே பதிவு செய்யும்போதே முழுக்கட்டணத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால் 131 450 என்ற இலக்கத்தில் அரசின் மொழிபெயர்ப்புச் சேவை உண்டு.

இங்கேதான் நம்மவருக்கு ஒரு தனி இடர் வருகிறது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன் இருந்தனவா என்று அறிய, பழைய பாடசாலைத் தேர்ச்சி அறிக்கைகளை வைத்தியர் கேட்பார். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டுக் கையில் பிடித்ததோடு வெளியேறியவர்களிடமும், 2009 இல் வன்னியிலிருந்து ஒன்றுமில்லாமல் வந்தவர்களிடமும் தேர்ச்சி அறிக்கை எங்கே இருக்கும்? இதனால் பலர் மனம் தளர்ந்து திரும்பிவிடக்கூடும். தளர வேண்டியதில்லை. உங்களைச் சிறு வயதில் அறிந்த ஒருவரின் சாட்சியம் பெரிதும் உதவும். அம்மா, மூத்த அக்கா, சித்தி, ஊரில் படிப்பித்த ஆசிரியர் எவராயினும் சரி. "படிக்கும்போது எப்படி இருந்தேன்? பொருட்களைத் தொலைத்தேனா? சொன்னதை மறந்தேனா?" என்று கேட்டு, அவர்கள் சொல்வதைத் திகதியிட்டு எழுதி எடுத்துச் செல்லுங்கள். அறிக்கை ஏன் இல்லை என்பதையும் ஒரு வரியில் எழுதிவையுங்கள். நம் பெற்றோர் இருக்கும்போதே இதைக் கேட்டு வைப்பது நல்லது.

இந்நாட்டு நிபுணர்கள் 2022 இல் வெளியிட்ட வழிகாட்டியில் 100க்கும் மேற்பட்ட பரிந்துரைகள் உள்ளன. மருந்து, உளவியல் சிகிச்சை, வாழ்க்கை முறை ஆகியவற்றை ஒருவரின் தேவைக்கேற்பச் சேர்த்துப் பார்க்கும்படி அது சொல்கிறது. மருந்து வேண்டுமா என்பதை வைத்தியரோடு பேசித் தீர்மானிக்க வேண்டும். மாத்திரை கவனத்தைத் தரலாம். அந்தக் கவனத்தை எதில் வைப்பது என்பதை மாத்திரை சொல்லித் தராது. நியூ சவுத் வேல்ஸில் 2025 செப்டெம்பர் தொடக்கம், ஏற்கனவே கண்டறியப்பட்டு மருந்து நிலைப்பட்டவர்களுக்குப் பயிற்சி பெற்ற குடும்ப வைத்தியர்கள் தொடர்ந்து மருந்துச்சீட்டு எழுத வழி செய்யப்பட்டுள்ளது. ஊருக்குப் பயணம் போகிறவர்கள் வைத்தியரின் கடிதத்தையும் மருந்தின் மூலப்பெட்டியையும் எடுத்துச் செல்வதோடு, இறங்கும் நாட்டினதும் வழியில் தங்கும் நாட்டினதும் விதிகளை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். இம்மருந்துகளிற் சில பல நாடுகளில் கட்டுப்பாட்டுக்குட்பட்டவை.

பழக்கங்களைக் கற்பிப்பதால் பயன் உண்டா என்று கேட்கலாம். உண்டு. நியூயோர்க்கில் மேரி சொலாண்டோவும் அவரது குழுவினரும் 88 பெரியவர்களை இரு பிரிவாக்கி 2010 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு பிரிவினருக்கு 12 வாரம் நேர ஒழுங்கு, பொருள் ஒழுங்கு, திட்டமிடல் ஆகியன கற்பிக்கப்பட்டன. மற்றப் பிரிவினருக்கு ஆதரவான குழு உரையாடல் மட்டும் நடந்தது. கற்றுக்கொண்டவர்களிடம் கவனக்குறைவு கூடுதலாகக் குறைந்தது. ஆகவே இவை படித்துப் பழகக்கூடியவை.

நேரத்துக்கு ஐந்து விதிகள்

1. ஒரே நாட்காட்டி. நிறுவனமொன்றுக்கு ஒரே பேரேடு இருப்பது போல வீட்டுக்கும் ஒன்றே இருக்கட்டும். கைத்தொலைபேசியோ சுவர் நாட்காட்டியோ, எதுவாயினும் ஒன்று. பதிந்த பின்னரே "ஓம், வருகிறோம்" என்று சொல்ல வேண்டும். பதியாதது நடக்காது என்று கொள்ளுங்கள்.

2. மூன்று நேரம் எழுதுங்கள். மாலைப் பூசை 7 மணிக்கு என்றால் நாம் எழுதுவது 7 என்ற ஒன்றை மட்டுமே. பயணம் அரை மணித்தியாலம், வாகனம் நிறுத்தக் கால் மணித்தியாலம் என்றால் புறப்படும் நேரம் 6.15. குளித்து உடுக்க 45 நிமிடம் என்றால் ஆயத்தம் தொடங்கும் நேரம் 5.30. அலாரம் 5.30க்கும் 6.15க்கும் அடிக்க வேண்டும். 7 மணிக்கு அடித்து என்ன பயன்?

3. நேரம் கண்ணுக்குத் தெரியட்டும். முள்ளுள்ள மணிக்கூடு ஒன்றைக் குளியலறையிலும் குசினியிலும் மாட்டுங்கள். முள் நகர்வது நேரம் கரைவதைக் காட்டும். இலக்கம் அதைக் காட்டாது. பிடிக்காத வேலைக்கு 25 நிமிடம் மணி வைத்துச் செய்து 5 நிமிடம் ஓய்வெடுங்கள். இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரிலோ 1980களின் பிற்பகுதியில் தக்காளி வடிவ மணிக்கூட்டைக் கொண்டு உண்டாக்கிய முறை இது.

4. மதிப்பீட்டையும் நடந்ததையும் ஒப்பிடுங்கள். தம் வேலை எவ்வளவு நேரமெடுக்கும் என்பதை மனிதர் குறைத்தே மதிப்பிடுவர் என்று டானியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979 இலேயே எழுதினர். ஏ.டி.எச்.டி உள்ளவருக்கு இப்பிழை இன்னும் பெரிது. பாதீட்டுக்கும் உண்மைச் செலவுக்குமுள்ள வித்தியாசத்தை நாம் பார்ப்பது போல, ஒரு மாதத்துக்கு நினைத்த நிமிடத்தையும் எடுத்த நிமிடத்தையும் எழுதிப் பாருங்கள். 20 என்று நினைத்தது எப்போதும் 50 ஆகிறதென்றால் இனி மதிப்பீட்டை இரண்டரையால் பெருக்குங்கள்.

5. "இது முடிந்ததும் அது." பீற்றர் கொல்விற்சர் என்ற ஜேர்மன் உளவியலாளர் ஆராய்ந்த முறை இது. "கடிதங்களைப் பார்க்க வேண்டும்" என்று எண்ணாமல், "இரவுக் கோப்பைகளைக் கழுவியதும் கடிதங்களைத் திறப்பேன்" என்று தீர்மானியுங்கள். முந்திய செயலே அடுத்ததற்கு மணி அடிக்கும்.

வேலைத்திட்டங்கள்

பெரிய வேலை தொடங்கப்படாமல் கிடப்பதற்கு முதற் காரணம் அது ஒரு வேலையாகவே இல்லாதிருப்பது. "வரி விபரம் செய்ய வேண்டும்" என்பது ஒரு தலைப்பு. "சப்பாத்துப் பெட்டியிலுள்ள பற்றுச்சீட்டுகளை மாதவாரியாகப் பிரிக்க வேண்டும்" என்பதுதான் வேலை. ஒரே இருப்பில் செய்து முடிக்கக்கூடிய அளவுக்குத் துண்டு போடுங்கள். ஒவ்வொரு துண்டும் கைக்கு ஒரு செயலைச் சொல்ல வேண்டும்.

அடுத்து, முடிவிலிருந்து பின்னோக்கி வாருங்கள். நம் கோயில்களில் திருவிழா ஒழுங்கு இதற்கு நல்ல முன்மாதிரி. தேர் நாள் முதலில் குறிக்கப்படுகிறது. அதிலிருந்து பின்னோக்கிக் கொடியேற்றம் வருகிறது. ஒவ்வொரு நாளுக்கும் ஓர் உபயகாரர் பெயர் எழுதப்படுகிறது. "யாராவது செய்வார்கள்" என்று ஒரு நாளும் விடப்படுவதில்லை. நல்லூரில் 25 நாள் திருவிழா ஆண்டுதோறும் ஒழுங்காக நடைபெறுவதற்கு, எந்த நாளில் எது என்பது எவரது நினைவையும் நம்பியில்லாமல் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருப்பதும் ஒரு காரணம். வீட்டு வேலைத்திட்டத்தையும் அப்படியே எழுதலாம்.

மூன்றாவது, கூட ஒருவர். தனக்குத்தானே விதித்த கடைசித் திகதி ஏ.டி.எச்.டி உள்ளவரை அசைக்காது. வேறொருவர் காத்திருக்கிறார் என்றால் அசைக்கும். குப்பி விளக்கைச் சுற்றி இருந்து படித்த அதே முறைதான். சனிக்கிழமை காலை இரு குடும்பத்தார் ஒரே மேசையில் இருந்து தத்தம் கணக்குகளைப் பார்க்கலாம். ஒருவர் மற்றவரின் வேலையைத் தொட வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்தாலே போதும்.

நான்காவது, தொங்கற் கணக்கு. ஏ.டி.எச்.டி உள்ள மனதில் நடு வேலையில் புதிய யோசனைகள் பிறந்துகொண்டே இருக்கும். உடனே அதன் பின்னால் போனால் பழையது நின்றுவிடும். விடச் சொன்னால் மனம் கேட்காது. கணக்கில் இடம் தெரியாத தொகையைத் தொங்கற் கணக்கில் வைப்பது போல, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அந்த யோசனையை எழுதிவிட்டு வேலைக்குத் திரும்புங்கள். வாரம் ஒருமுறை அந்தப் பக்கத்தைத் தீர்த்து வையுங்கள்.

பிந்துவதன் விலையையும் அறிந்திருப்போம். தனியாட்களின் வரி விபரத்துக்கு ஒக்ரோபர் 31. காலாண்டு வியாபார அறிக்கைகளுக்கு ஒக்ரோபர், பெப்ரவரி, ஏப்ரல், யூலை மாதங்களின் 28 ஆம் திகதி. பிந்தினால் சிறு வியாபாரத்துக்கு ஒவ்வொரு 28 நாளுக்கும் ஒரு தண்ட அலகு வீதம் 5 அலகு வரை ஏறலாம். பதிவு பெற்ற வரி முகவரிடம் ஒக்ரோபர் 31க்கு முன் பெயர் கொடுத்தால் பொதுவாகக் கூடுதல் அவகாசம் உண்டு. கட்டப் பணமில்லை என்பதற்காக அறிக்கையை ஒளித்து வைக்க வேண்டாம். அறிக்கையை நேரத்துக்குக் கொடுத்துவிட்டுத் தவணை முறையில் கட்டக் கேட்கலாம். வரித் திணைக்களம் அதற்கு இடமளிக்கிறது.

தலைமைப் பொறுப்பு

ஏ.டி.எச்.டி உள்ளவர் தலைமைக்கு ஆகாதவர் என்று எண்ண வேண்டாம். சங்கங்களைத் தொடங்குபவர்களிடையேயும், நெருக்கடி வேளையில் எல்லோரும் திகைத்து நிற்க முன்னே போகிறவர்களிடையேயும் இவர்கள் இருப்பார்கள். அதற்காக இதனை ஒரு வரம் என்று புகழ்வதும் சரியன்று. நீச்சல் வீரர் மைக்கல் பெல்ப்ஸுக்கு 9 வயதில் ஏ.டி.எச்.டி கண்டறியப்பட்டது. 15 வயதில் 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் நீந்தி ஐந்தாம் இடம் பெற்றார். பின்னர் வென்ற தங்கப் பதக்கங்கள் 23. அவரது ஆற்றல் பெரிதுதான். ஆனால் அதற்குப் பின்னால் பயிற்றுநர் பொப் பௌமன் வகுத்த மாறாத நாளொழுங்கு இருந்தது. ஆற்றல் ஒருவரிடம், ஒழுங்கு இன்னொருவரிடம்: நம் நிர்வாக சபைகளுக்கு இது நல்ல பாடம்.

எந்த வேலையை எவரிடம் ஒப்படைப்பது என்பதற்காகவே திருவள்ளுவர் "தெரிந்து வினையாடல்" என்று ஓர் அதிகாரம் வகுத்தார். தொடங்கும் திறமுள்ள தலைவருக்கு முடிக்கும் திறமுள்ள செயலாளர் வேண்டும். இருவரும் ஒரே குணமாக இருந்தால், ஒன்றில் தொடக்கவுரைகள் மட்டும் இருக்கும், அல்லது பழைய கோப்புகள் மட்டும் இருக்கும். தலைவருக்கு இந்நிலை உண்டென்று தெரிந்தால், பின்வருவனவற்றைச் சபையின் வழக்கமாக்கலாம். இந்நிலை இல்லாதவர்களுக்கும் இவை தீங்கு செய்யா.

முன்றலில் நின்று கேட்கும் எவருக்கும் "ஓம்" சொல்லாதிருத்தல். "சபையில் பதிந்தபின் சொல்கிறோம்" என்ற ஒரு வசனம் பல வாக்குறுதிகள் முறிவதைத் தடுக்கும்.

கூட்டக் குறிப்பில் என்ன, யார், எப்போது என்ற மூன்று நிரல்கள் வைத்தல். பெயரும் திகதியும் இல்லாத தீர்மானம் தீர்மானமன்று.

பேச்சை இடைமறிக்கும் உந்துதல் வந்தால் கடதாசியில் ஒரு சொல் எழுதி முறைக்காகக் காத்திருத்தல். கோபத்தில் இரவில் எழுதிய மின்னஞ்சலைக் காலையில் மீண்டும் வாசித்த பின்னரே அனுப்புதல்.

சட்டத் திகதிகளை ஒரு தலையில் வைக்காமல் ஆண்டுத் தொடக்கத்திலேயே சுவரில் எழுதுதல். நியூ சவுத் வேல்ஸில் பதிவு பெற்ற சங்கங்கள் நிதியாண்டு முடிந்து 6 மாதங்களுக்குள்ளும், விக்ரோரியாவில் 5 மாதங்களுக்குள்ளும் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும். யூன் 30 இல் கணக்கு முடிப்போருக்கு முறையே டிசம்பர் 31, நவம்பர் 30.

வீட்டாருக்கும் வேலைத்தலத்துக்கும்

கணவனுக்கு இந்நிலை என்றால் மனைவியே அலாரமாகிவிடுவது நம் வீடுகளில் வழமை. "சொன்னேனே, செய்தீர்களா?" என்று நாள் முழுவதும் கேட்பவருக்கும் களைப்பு, கேட்கப்படுபவருக்கும் அவமானம். ஈற்றில் துணைவர்களாக இருக்க வேண்டியவர்கள் ஆசிரியரும் மாணவரும் போல் ஆகிவிடுவர். அலாரம் அடிக்கும் வேலையை இயந்திரத்திடம் விடுவோம். ஞாயிறு மாலை 20 நிமிடம் இருவரும் நாட்காட்டியின் முன் இருந்து அவ்வாரத்தைப் பார்த்தால் போதும். வங்கிக் கணக்கிணக்கம் போல, அவர் நினைவும் இவர் நினைவும் அங்கே ஒத்துப் பார்க்கப்படும். பிள்ளைகளின் காதுபட "சோம்பேறி", "உருப்படாதவன்" என்ற சொற்களை விட்டுவிடுவோம். முப்பது வருடம் அச்சொற்களைக் கேட்டவர் அவற்றைத் தன் பெயராகவே எடுத்துக்கொள்கிறார்.

அதே வேளை இந்நிலை உள்ளவரும் அதனைச் சாட்டாகச் சொல்லக் கூடாது. காரணம் தெரிந்தபின் ஒழுங்கு செய்யும் கடமை கூடுகிறதே ஒழியக் குறைவதில்லை.

வேலைத்தலத்தில் இதைச் சொல்வதா இல்லையா என்பது அவரவர் தீர்மானம். பொதுவாகச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. சொன்னால், 1992 ஆம் ஆண்டின் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தின்படி நியாயமான மாற்றங்களைக் கேட்கலாம். எழுத்தில் தரும் அறிவுறுத்தல், சத்தம் குறைந்த மேசை, நீண்ட வேலைக்கு இடைத் திகதிகள் போன்றவை பெரும் செலவில்லாதவை. ஜொப் அக்செஸ் என்ற மத்திய அரசின் சேவை இதற்கு ஆலோசனை தரும்.

குடும்பமாகக் கலந்துரையாட

1. நம் வீட்டில் நேரம் யாருடைய தலைக்குள் இருக்கிறது? அவர் ஒரு வாரம் இல்லாவிட்டால் எது நின்றுபோகும்?

2. நம் பெற்றோரிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டிய சிறுபராய விபரங்கள் எவை? யாரிடம் முதலில் கேட்பது?

3. திறக்கப்படாத கடிதங்களில் திகதி போட்டவை எத்தனை? அவற்றைப் பார்க்கும்போது பக்கத்தில் இருக்கச் சொல்லி யாரைக் கேட்கலாம்?

4. நம் சங்கத்தில் தொடங்குபவர் யார், முடிப்பவர் யார்? இருவரும் ஒரே குழுவில் இருக்கிறார்களா?

இத்தனையையும் ஒரே கிழமையில் தொடங்க வேண்டாம். அப்படித் தொடங்கியவை அடுத்த கிழமையே நின்றுவிடும். இந்த வாரம் ஒன்று போதும்: வீட்டில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒரே ஒரு நாட்காட்டியை மாட்டி, இந்த மாதம் தவறக்கூடாத திகதிகளைச் சிவப்பு மையால் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பெயரையும் எழுதுங்கள்.